ராணுவத் தோட்டாக்களின் புது ரகக் கூடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தரைப்படை 6.8 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு மாறுகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து, ராணுவச் செய்திகளைத் தமிழில் தேடிப் படிக்கிறவர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லோரும் துப்பாக்கியைப் பற்றியே கேட்கிறார்கள். அந்தத் துப்பாக்கியைச் சாத்தியமாக்கியது தோட்டாவின் கூடு, அதைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு, எழுதுகிறவர்கள் இன்னும் குறைவு. அதனால் வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டு, ஒரே இடத்தில் பதில் எழுதிவிட்டேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

தோட்டா, குண்டு ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்குத் தனித்தனியா எழுதுறீங்க?

துப்பாக்கியில் போடுகிற முழுப் பொருள் தோட்டா. அதில் நாலு பாகம் உண்டு: பறந்து போகிற குண்டு, எரிந்து வாயுவாகிற உந்துமருந்து, அந்த மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர், இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிற கூடு. சுட்டதும் பக்கவாட்டில் தெறித்து விழுகிறதே, அதுதான் கூடு. என்.சி.சி.யில் இருந்தவர்கள் சுட்டு முடித்ததும் குனிந்து அதைப் பொறுக்கி எண்ணிக் கொடுத்திருப்பார்கள்.

எடையைப் பாருங்கள். நேட்டோ படைகளின் சாதாரண 5.56 தோட்டா 12 கிராம் சொச்சம். அதில் குண்டு 4 கிராம், மருந்து 2 கிராமுக்கும் குறைவு, மீதியில் பெரும்பகுதி கூடு. ஆக ஒரு வீரர் மலையேறும்போது முதுகில் சுமக்கிற தோட்டா எடையில் கிட்டத்தட்ட பாதி, சுட்டவுடன் கீழே விழப்போகிற பித்தளை. இந்தப் பாதியை எப்படிக் குறைப்பது என்றுதான் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அறுபது எழுபது வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன.

கூடுங்கிறது வெறும் டப்பாதானே, அதுல என்ன பெரிய தொழில்நுட்பம்?

டப்பா வேலை அதில் கால்வாசிதான். சுடும் நொடியில் கூடு செய்கிற வேலை வேறு. உள்ளே மருந்து எரிந்ததும் அழுத்தம் ஏறும், கூட்டின் மெல்லிய சுவர் புடைத்துத் துப்பாக்கியின் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் கொதிக்கும் வாயு பின்பக்கம் சுடுகிறவர் முகத்தை நோக்கி வராமல் குண்டைத் தள்ளிக்கொண்டு முன்னால் மட்டுமே போகும். குண்டு குழலை விட்டு வெளியேறியதும் அதே சுவர் ஒரு மயிரிழை அளவு சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் கூடு சேம்பரிலேயே சிக்கிக்கொள்ளும், அடுத்த தோட்டா ஏறாது. புடைப்பதும் சுருங்குவதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. வெளியே தெறிக்கும் கூடு தன்னோடு கணிசமான சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சுட்ட கூடு சட்டைக் காலருக்குள் விழுந்து கழுத்தைச் சுட்ட அனுபவம் இருப்பவர்களுக்கு இது விளக்காமலே புரியும். இந்தச் சூட்டு விஷயம் பின்னால் ‘கூடே இல்லாத தோட்டா’ கேள்வியில் முக்கியமாக வரும்.

ஏன் எல்லாரும் பித்தளையையே பிடிச்சுத் தொங்குறாங்க?

மேலே சொன்ன புடைத்துச் சுருங்கும் வேலையைப் பித்தளை அவ்வளவு நன்றாகச் செய்கிறது. 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம், இதுதான் தோட்டாப் பித்தளை. தகட்டிலிருந்து கிண்ணமாக அழுத்தி, படிப்படியாக இழுத்து நீட்டிக் கூடாக்கலாம், கிழியாது. துருப்பிடிக்காது. அடிப்பாகம் கெட்டியாகவும் வாய்ப்பக்கம் மென்மையாகவும் இருக்கும்படி பதப்படுத்தலாம். ராணுவத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கழுத்துப் பகுதியில் மட்டும் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு சாயல் ஓடும், அழுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தை மட்டும் சூடாக்கி இளக்கியதன் தடம் அது. விளையாட்டுத் தோட்டாக்களில் மெருகேற்றி அழித்துவிடுவார்கள், ராணுவத்துக்குச் செய்வதில் பதப்படுத்தியது கண்ணுக்குத் தெரியட்டும் என்று அப்படியே விடுவார்கள்.

பித்தளைக்கும் நோய் உண்டு, அதைக் கண்டுபிடித்ததே இந்தியாவில்தான். பிரிட்டிஷ் காலத்தில் மழைக்காலங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை முடிந்து எடுத்தால் கூடுகளில் விரிசல். குதிரை மூத்திரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் கிளம்பிய அம்மோனியா, ஈரப்பதம், கூட்டை இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இறுக்கம், மூன்றும் சேர்ந்து செய்த வேலை என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. உலோகவியல் பாடத்தில் இன்றும் இந்தக் குதிரை லாயம் வராமல் இருக்காது.

ரஷ்யாக்காரன் இரும்புலதானே செய்யுறான், அது மலிவாச்சே?

மலிவுதான். செம்புத் தட்டுப்பாடு வந்தபோது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி எஃகுக் கூட்டுக்குப் போனது, சோவியத் நாடு அதையே நிரந்தரமாக்கிக்கொண்டது. ஏகே துப்பாக்கியின் 7.62×39 தோட்டாவைப் பார்த்தால் கூடு நேராக இருக்காது, அடியிலிருந்து மேலே போகப் போகக் கண்ணுக்குத் தெரியும்படி ஒடுங்கும். எஃகு பித்தளை அளவுக்குச் சுருங்கிக்கொடுக்காது. ஒடுங்கிய வடிவமாக இருந்தால் ஒரு நூல் அளவு பின்னால் இழுத்தாலே சுவரை விட்டு விலகிவிடும். தோட்டாவின் வடிவம், தோட்டாக்களை அடுக்கி மாட்டும் ஏகே மேகசினின் அந்த வளைவு எல்லாமே இந்த ஒடுக்கத்தோடு சேர்ந்து வந்தவை. துருவைத் தடுக்க மேலே அரக்குப் பூச்சோ வேறு மெல்லிய பூச்சோ கொடுப்பார்கள். சீனாவின் 5.8×42 தோட்டாவும் எஃகுக் கூடுதான்.

எஃகால் பணம் மிச்சமாகிறது, எடை பெரிதாக மிச்சமாகவில்லை. அதனால் இன்றைய கேள்விக்கு அது பதில் ஆகாது.

அப்போ அலுமினியம்? விமானமே அதுலதானே செய்றாங்க.

கைத்துப்பாக்கித் தோட்டாவில் அலுமினியக் கூடு கடையிலேயே கிடைக்கிறது, அங்கே அழுத்தம் குறைவு. ரைஃபிள் அழுத்தத்துக்கு அமெரிக்கா பல வருஷம் முயன்று பார்த்தது. கூட்டில் சின்ன விரிசல் விட்டால் போதும், அந்த வழியாகப் பீறிடும் வாயு அலுமினியத்தை அரித்துக்கொண்டே போய்த் துப்பாக்கியின் பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பித்தளையில் அதே விரிசல் விழுந்தால் பெரும்பாலும் ஒரு கூடு வீண், அவ்வளவுதான்.

சரி, இந்த 6.8ன்னு எல்லாரும் பேசுறாங்களே, அது என்ன?

6.8×51 மில்லிமீட்டர். பெயரளவில் குண்டின் விட்டம் 6.8, கூட்டின் நீளம் 51. 2022 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படை சிக் சாவர் நிறுவனத்துக்குப் பத்து வருஷ ஒப்பந்தம் கொடுத்தது: 5.56 சுடும் எம்4 துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு ரைஃபிள், எம்249க்குப் பதிலாக ஓர் இலகு இயந்திரத் துப்பாக்கி, இரண்டுக்கும் ஒரே தோட்டா. ரைஃபிளுக்கு முதலில் எக்ஸ்எம்5 என்று பெயர், 2023 ஜனவரியில் எக்ஸ்எம்7 ஆனது. 2024 மார்ச்சில் கென்டக்கியிலுள்ள ஃபோர்ட் கேம்பலில் 101ஆவது வான்வழிப் பிரிவின் கைக்கு வந்தது. 2025 மே மாதம் சோதனைப் பெயரிலிருந்த ‘எக்ஸ்’ போய், ரைஃபிள் எம்7, இயந்திரத் துப்பாக்கி எம்250 என்று முறைப்படி ஏற்கப்பட்டன. கடையில் பொதுமக்களுக்கு விற்கும் வடிவத்துக்கு .277 ஃபியூரி என்று பெயர்.

சிலர் இதை 6.8 எஸ்பிசி என்ற பழைய தோட்டாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது 6.8×43, எம்4 அளவுத் துப்பாக்கிக்காக 2000களின் தொடக்கத்தில் வந்தது. விட்டம்தான் ஒன்று, மற்றபடி சம்பந்தமே இல்லை.

5.56க்கு என்ன குறைச்சல்? இத்தனை வருஷம் அதானே ஓடுச்சு.

எதிரியின் மார்புக் கவசம். 2017 மே மாதம் அப்போதைய தரைப்படைத் தளபதி மார்க் மில்லி, புதிதாக வந்திருக்கும் சில கவசத் தகடுகளை 5.56 குண்டால் துளைக்க முடியவில்லை என்று செனட் குழுவிடம் வெளிப்படையாகவே சொன்னார். ஆப்கானிஸ்தானில் மலைக்கு மலை நடந்த நெடுந்தூரச் சண்டைகளின் அனுபவமும் இதோடு சேர்ந்துகொண்டது.

உடனே பழைய 7.62×51க்கே திரும்பிவிடலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது, சீக்கிரமே கைவிட்டார்கள். எடை ஒரு காரணம், அந்தத் தோட்டா 25 கிராம் பக்கம் வரும், 5.56க்கு இரண்டு மடங்கு. இன்னொன்று, கவசம் என்று வந்தால் வேகமும் குண்டின் உள்ளே இருக்கும் கடினமான பொருளும்தான் பேசும், வெறும் கனம் பேசாது.

அந்தக் கூட்டில அப்படி என்ன புதுசா பண்ணிட்டாங்க?

மூன்று துண்டு. அடிப்பாகம் துருப்பிடிக்காத எஃகு, மேல் உடம்பு பித்தளை, இரண்டையும் உள்ளே இறுக்கிப் பிடிக்க அலுமினியத்தில் ஒரு பூட்டு வளையம். கையில் எடுத்தால் அடியில் வெள்ளி நிறம், மேலே மஞ்சள், நடுவில் கோடு போட்டது போல ஒரு சேர்க்கை. இதைத்தான் கலப்புக் கூடு என்கிறார்கள்.

எதற்காக இப்படி? பித்தளைக் கூடு அதிக அழுத்தத்தில் முதலில் தோற்கும் இடம் அடிப்பாகம். அங்கேதான் பிரைமர் உட்காரும் குழி இருக்கிறது, பிடித்து இழுக்கும் விளிம்பும் இருக்கிறது. மற்ற இடங்களைச் சேம்பர் சுவர் சுற்றிலும் தாங்கிக்கொள்ளும், அடிப்பாகத்துக்கு அந்த முழுத் தாங்கல் கிடையாது. அளவுக்கு மீறினால் பித்தளை இளகிப் பிரைமர் குழி அகலும், பிரைமரே கழன்று துப்பாக்கிக்குள் விழும். ஆகவே தோற்கும் இடத்தில் எஃகை வைத்துவிட்டு, புடைத்துச் சுருங்க வேண்டிய இடத்தில் பித்தளையையே விட்டுவிட்டார்கள். பித்தளையைத் தூக்கி எறியாமல், அது எதைச் செய்யுமோ அதை மட்டும் செய்யச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

80,000 பிஎஸ்ஐ னு போட்டிருக்காங்க. அது எவ்வளவு? எதுக்கு அவ்வளவு?

பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 30 சொச்சம் பிஎஸ்ஐ. வழக்கமான ராணுவ ரைஃபிள் தோட்டாக்கள் ஏறத்தாழ 60,000 பிஎஸ்ஐ அளவில் வேலை செய்கின்றன. .277 ஃபியூரிக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 80,000. பித்தளை மட்டும் வைத்து அந்த அளவுக்கு நம்பிப் போக முடியாது.

குண்டுக்கு வேகம் வேண்டுமென்றால் பழைய வழி நீளமான குழல். ஆனால் இன்றைய வீரர் வண்டிக்குள் ஏறி இறங்குகிறார், வீட்டுக்குள் நுழைகிறார், போதாக்குறைக்கு எம்7இல் சத்தம் குறைக்கும் சப்ரெஸரும் முன்னால் மாட்டியே வருகிறது. அதனால் குழலை 13 அங்குலமாகக் குறைத்துவிட்டு, இழந்த வேகத்தை அழுத்தத்தால் ஈடுகட்டினார்கள். கடையில் விற்கும் கலப்புக் கூட்டுத் தோட்டாவுக்கு 135 கிரெயின், அதாவது 8.7 கிராம் எடையுள்ள குண்டு 16 அங்குலக் குழலிலிருந்து நொடிக்கு 3,000 அடி வேகத்தில் கிளம்பும் என்கிறது தயாரிப்பு நிறுவனம். கணக்குப் போட்டால் 3,600 ஜூல் தாண்டுகிறது, 5.56 சுமார் 1,700 ஜூல் பக்கம்தான்.

அவ்வளவு அழுத்தம் கொடுத்தா துப்பாக்கி சீக்கிரம் போயிடாதா?

தேய்மானம் கூடத்தான் செய்யும். வாயுவின் சூடும் அழுத்தமும் குழலின் தொடக்கப் பகுதியைத்தான் முதலில் தின்னும், எந்தத் துப்பாக்கியிலும் அப்படித்தான். சேம்பரைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட், லாக்கிங் பாகங்கள் எல்லாவற்றையும் இந்தச் சுமைக்காகவே கனமாக வடிவமைக்க வேண்டியிருக்கிறது. உதைப்பும் கூடும், எம்4 பழகிய தோள் அதை உடனே உணரும்.

கலப்புக் கூடு 20 சதவீதம் இலேசுன்னு ஒருத்தர், வீரர் சுமை கூடிடுச்சுன்னு இன்னொருத்தர். யார் சொல்றது பொய்?

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஒப்பிடுகிற பொருள்தான் வேறு. இதே அளவுத் தோட்டாவை முழுப் பித்தளையில் செய்திருந்தால் வந்திருக்கும் எடையை விட இது சுமார் 20 சதவீதம் குறைவு என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆனால் வீரர் இதுவரை சுமந்தது அந்தப் பெரிய தோட்டாவை அல்லவே, குட்டி 5.56ஐ.

அமெரிக்க ராணுவம் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். எம்4காரர் 30 தோட்டா மேகசின் ஏழு எடுத்துப் போவார், மொத்தம் 210 தோட்டா, 7.4 பவுண்டு. எம்7காரருக்கு 20 தோட்டா மேகசின் ஏழு, 140 தோட்டா, 9.8 பவுண்டு. எழுபது தோட்டா குறைவு, சுமை ஒரு கிலோவுக்கு மேல் அதிகம். துப்பாக்கியும் சப்ரெஸரோடு சேர்த்தால் நாலரைக் கிலோ வருகிறது, அதற்கு மேல் கணினி வைத்த தொலைநோக்கி. 2025இல் ஓர் அமெரிக்கத் தரைப்படை அதிகாரி இந்தத் தோட்டா எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டிப் பொதுமேடையிலேயே கடுமையாக விமர்சித்தார், நிறுவனம் மறுத்துப் பதில் சொன்னது. என்னைக் கேட்டால் அந்த எழுபது தோட்டாக் குறை சாதாரண விஷயம் இல்லை. எதிரியைத் தலைதூக்க விடாமல் சுட்டுக்கொண்டே இருப்பதுதான் நெருக்கமான சண்டையில் பாதி வேலை, அதற்கு எண்ணிக்கை வேண்டும். கூடு எடையைக் குறைத்துக் கிடைத்த மிச்சத்தையெல்லாம் குண்டின் சக்தி விழுங்கிவிட்டது.

பிளாஸ்டிக்ல தோட்டான்னு படிச்சேன். உருகிடாதா சார்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான், நியாயமான கேள்வி. சூடு படுகிற நேரம் மிகக் குறைவு, ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு. பாலிமர், அதாவது இதற்குப் பயன்படும் பிளாஸ்டிக், சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், அது உருகுவதற்குள் கூடு வெளியே பறந்துவிடும். சேம்பர் பித்தளைக் கூட்டில் சூடாவதை விடக் குறைவாகவே சூடாகிறது என்று செய்கிறவர்கள் சொல்கிறார்கள், அதற்கு இந்தக் குறைந்த கடத்தல்தான் காரணம்.

உண்மையான கவலைகள் வேறு. இடைவிடாமல் சுட்டுக் கொதிக்கிற சேம்பருக்குள் ஒரு தோட்டாவை ஏற்றிவிட்டுச் சுடாமல் நிறுத்தினால் என்ன ஆகும்? பனிமலையில் மைனஸ் நாற்பது டிகிரியில் கழுத்து வெடிக்குமா? கிடங்கில் பத்து இருபது வருஷம் கிடந்தால் குண்டைப் பிடித்திருக்கும் பிடி தளருமா? அடிப்பாகத்தைப் பிடித்து இழுக்கும்போது பிய்ந்துவிடாமல் இருக்க அங்கே உலோகம்தான் வைக்கிறார்கள், சரி, ஆனால் உலோகமும் பாலிமரும் சேரும் இடம் எப்போதும் சந்தேகத்துக்குரிய இடம். ஆய்வகத்தில் பத்தாயிரம் தோட்டா தேறினால் போதாது, தொழிற்சாலையில் பத்துக் கோடி தேற வேண்டும்.

6.8 போட்டியில தோத்தவங்க என்ன கொண்டு வந்தாங்க?

சிக் சாவர் ஜெயித்த அந்த ஒப்பந்தத்துக்கான போட்டியில் 2019இல் கடைசிச் சுற்றுக்கு மூன்று நிறுவனங்கள் வந்தன. சிக் சாவரின் கலப்புக் கூடு மேலே பார்த்தது. இரண்டாவது ஜெனரல் டைனமிக்ஸ், டெக்சாஸைச் சேர்ந்த ட்ரூ வெலாசிட்டியின் பாலிமர் கூட்டோடு வந்தது, அதில் எடைக்குறைப்பு சுமார் 30 சதவீதம் என்றார்கள். மேகசின் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் வடிவத் துப்பாக்கி, அதனால் நீளமான குழலை வைக்க இடம் கிடைத்தது, அழுத்தத்தை அவ்வளவு ஏற்றத் தேவைப்படவில்லை. எனக்கு இது அழகான தீர்வாகப் பட்டது.

மூன்றாவது டெக்ஸ்ட்ரான். இதில் தோட்டாவின் வடிவமே மாறிவிட்டது. குண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, பாலிமர் உருளைக்குள் முழுக்க அமிழ்ந்திருக்கும், மருந்து அதைச் சுற்றி இருக்கும். பார்த்தால் தோட்டா என்றே தோன்றாது, ஒரு குட்டிக் குழாய்த் துண்டு. நீளம் குறைகிறது, எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்பது அவர்கள் கணக்கு, 2004இல் தொடங்கிய எல்சாட் என்ற அமெரிக்க ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. சிக்கல், இதற்கு முற்றிலும் புதிய இயக்கமுறை கொண்ட துப்பாக்கி வேண்டும். பழைய துப்பாக்கிகளில் குழலை மட்டும் மாற்றி ஓட்டிவிட முடியாது. ராணுவம் மூன்றில் பழசுக்கு மிக நெருக்கமானதைத் தேர்ந்தெடுத்தது.

கூடே இல்லாம தோட்டா செஞ்சா எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துடுமே?

ஜெர்மனி அதைச் செய்தே காட்டியது. ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்தின் ஜி11, டைனமிட் நோபல் செய்த 4.73 மில்லிமீட்டர் தோட்டா. மருந்தையே கட்டியாக அழுத்தி, அதற்குள் குண்டைப் பதித்து, சுட்டதும் எதுவும் மிஞ்சாதபடி செய்தார்கள். மூன்று தோட்டாக்களை நிமிடத்துக்கு 2,000க்கு மேற்பட்ட வேகத்தில் சுட்டுவிடும், உதைப்பு தோளுக்கு வந்து சேர்வதற்குள் மூன்றும் போயிருக்கும்.

இரண்டாவது கேள்வியில் சொன்ன சூட்டுக் கணக்கு இங்கேதான் வருகிறது. வெளியே எடுத்துப் போக கூடு இல்லாததால் சூடெல்லாம் துப்பாக்கியிலேயே தங்கியது, சேம்பரின் சூட்டில் தோட்டா தானாகவே வெடித்தது. 1970களின் கடைசியில் நடந்த நேட்டோ சோதனையிலிருந்து இதனாலேயே விலக நேர்ந்தது. அதிக வெப்பத்தில்தான் பற்றும் புது மருந்தைக் கண்டுபிடித்துப் பெருமளவு சரிசெய்தார்கள், 1990இல் கிட்டத்தட்டத் தயார். அந்த நேரம் பார்த்து ஜெர்மனி ஒன்றிணைந்தது, செலவு தலைக்கு மேல் போனது, எதிரே இருந்த சோவியத் மிரட்டலும் கரைந்தது, திட்டத்தை மூடினார்கள். அவ்வளவு உழைப்பும் போன விதத்தை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அப்போ 5.56 கதை முடிஞ்சுதா?

இல்லவே இல்லை. நேட்டோ 1980இல் தரப்படுத்திய 5.56 இன்றும் தரம்தான், 6.8ஐ நேட்டோ தரமாக ஏற்கவில்லை. அமெரிக்காவிலேயே நேரடிச் சண்டைப் பிரிவுகளுக்குத்தான் 6.8, மற்றவர்கள் எம்4ஓடுதான் இருக்கப்போகிறார்கள். 2010இல் வந்த எம்855ஏ1 தோட்டாவைப் பாருங்கள், கூடு பழைய பித்தளை, குண்டு முழுக்கப் புதுசு: ஈயம் கிடையாது, முன்னால் எஃகு முனை, பின்னால் செம்பு. அதே துப்பாக்கியில் நல்ல முன்னேற்றம் கிடைத்தது, செலவும் அடங்கியது.

6.8 தோட்டாவும் 7.62×51ம் ஒரே நீளம்னா, ஒண்ணை இன்னொண்ணுல போடலாமா?

கூடாது. அடிப்பாகமும் நீளமும் பொருந்துவதால் 7.62 துப்பாக்கியின் மேகசினில் ஏறும், வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள், பழைய துப்பாக்கிகளை மாற்றியமைக்க வசதி. ஆனால் குழல் விட்டம் வேறு, சேம்பர் கழுத்து வேறு, அழுத்தம் முன்பு சொன்ன 80,000. அந்த அழுத்தத்துக்கென்று செய்யப்படாத துப்பாக்கி சுடுகிறவருக்கே ஆபத்து. இதே காரணத்தால் .277 ஃபியூரியில் முழுப் பித்தளைக் கூட்டோடு, அழுத்தம் குறைத்த தோட்டாவும் தனியாக விற்கிறார்கள்.

குண்டை இவ்வளவு பயங்கரமா ஆக்குறாங்களே, சர்வதேசச் சட்டம் ஒண்ணும் கேட்காதா?

சட்டம் கேட்பது கூட்டைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ இல்லை. உடம்புக்குள் போய்ச் சுலபமாக விரிகிற, தட்டையாகிற குண்டுகளை 1899 ஹேக் அறிவிப்பு தடை செய்கிறது. அதற்குக் காரணமே கொல்கத்தா பக்கத்திலுள்ள டம்டம் ஆயுதசாலையில் பிரிட்டிஷார் செய்த குண்டுதான். அந்த அறிவிப்பில் அமெரிக்கா சேரவில்லை, ஆனாலும் புதுக் குண்டு எதையும் சட்டப் பரிசீலனைக்கு உட்படுத்திய பிறகே படைக்குக் கொடுக்கிறார்கள். கவசம் துளைக்கும் கடினமான முனை அந்தத் தடைக்குள் வராது.

தொழிற்சாலைல என்ன மாறும்? மெஷினை மாத்தினா போதாதா?

அமெரிக்க ராணுவத்தின் சிறு தோட்டாக்களில் பெரும்பகுதி மிசூரி மாநிலத்தின் இன்டிபென்டென்ஸ் ஊரிலுள்ள லேக் சிட்டி ஆலையில் வருகிறது. 1941இல் தொடங்கியது, 2020இலிருந்து ஒலின் வின்செஸ்டர் நடத்துகிறது. வருஷத்துக்கு 100 கோடிக்கு மேல் தோட்டா செய்யும் அந்த இடத்தில் பித்தளைக் கூடு ஒரே துண்டாக இழுத்துச் செய்யப்படுகிறது. கலப்புக் கூடு என்றால் மூன்று துண்டுகளைத் தனித்தனியாகச் செய்து, பூட்டி, ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். பழைய வரிசையில் அதைச் செருக முடியாது என்பதால் அங்கே 6.8க்கென்றே புதுக் கட்டடம் எழுப்ப 2025 பிப்ரவரியில் பூமிபூஜை போட்டார்கள். போர்க்காலத்தில் உற்பத்தியைத் திடீரென்று பத்து மடங்காக்க ஒரே துண்டுக் கூட்டில்தான் சுலபம், கலப்புக் கூட்டை ஆதரிப்பவர்கள் இதைப் பேசாமல் தாண்டிப் போகிறார்கள்.

காலிக் கூட்டின் கதியும் மாறும். பித்தளை நல்ல விலைக்குப் போகும், உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். எஃகும் அலுமினியமும் பித்தளையும் கலந்ததைப் பிரித்தெடுப்பது தனி வேலை. பாலிமர் என்றால் பயிற்சித் திடல் மண்ணில் கிடக்கும்.

நம்ம இந்தியா இதுல எங்க நிக்குது?

தோட்டாக் கூட்டின் தொழில்நுட்பத்தில் நாம் பித்தளையோடுதான் இருக்கிறோம். அதைக் குறையென்று சொல்ல மாட்டேன், நமக்கு முன்னால் வேறு பிரச்சினை நிற்கிறது: எத்தனை ரகத் தோட்டா வாங்குவது? 1990களில் வந்த இன்சாஸ் ரைஃபிள் 5.56×45. 2019இல் 72,400 சிக்716 ரைஃபிள் வாங்கினோம், 2024இல் மறுபடியும் எழுபதாயிரத்துக்கு மேல் கேட்டோம், அது 7.62×51. அமேதி மாவட்டம் கோர்வாவில் ரஷ்யாவோடு சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஏகே-203 செய்கிறோம், அது 7.62×39. ஒரே படையில் மூன்று ரைஃபிள் தோட்டா. லடாக் முகாமுக்குப் பெட்டி ஏற்றுகிறவருக்கு இதன் வலி தெரியும்.

திறமைக்குப் பஞ்சமில்லை, நம் பக்கமே பாருங்கள். ஊட்டி ரயிலில் போகிறவர்கள் பார்க்கும் அருவங்காடு வெடிமருந்து ஆலை நூறு வருஷத்துக்கு மேலாக உந்துமருந்து செய்கிறது. திருச்சி படைக்கலத் தொழிற்சாலை 7.62×39இல் திருச்சி அசால்ட் ரைஃபிளைச் செய்கிறது. அதே திருச்சியில் ஹெச்ஏபிபி என்ற ஆலை பீரங்கி டாங்கிக் குண்டுகளுக்கு டங்ஸ்டன் கலவையில் கவசம் துளைக்கும் தண்டுகளைச் செய்கிறது. 2021 அக்டோபரில் படைக்கல வாரியத்தை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது அருவங்காடும் ஹெச்ஏபிபியும் மியூனிஷன்ஸ் இந்தியாவுக்குப் போயின, திருச்சித் துப்பாக்கி ஆலை வேறு நிறுவனத்துக்குப் போனது. தோட்டாவும் துப்பாக்கியும் ஒரே மேசையில் வடிவமைக்கப்பட வேண்டியவை. அமெரிக்கா 6.8இல் தோட்டா, துப்பாக்கி இரண்டையும் ஒரே போட்டியாக வைத்ததிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

பாலிமர் கூடு கடைசிவரை வராதா அப்போ?

பெரிய தோட்டாவில் வந்தேவிட்டது. அமெரிக்க மரைன் படை 2020இல் மிசிசிப்பியைச் சேர்ந்த மேக் என்ற நிறுவனத்திடம் .50 அளவு இயந்திரத் துப்பாக்கித் தோட்டாவைப் பாலிமர் கூட்டில் கேட்டு ஒப்பந்தம் போட்டது. அங்கே கணக்கு வேறு. பித்தளைக் கூட்டில் அந்தத் தோட்டா ஒன்றே 110 கிராமுக்கு மேல், வண்டியிலும் ஹெலிகாப்டரிலும் பெல்ட் பெல்ட்டாக ஏறும், ஒவ்வொன்றிலும் நாலில் ஒரு பங்கு குறைந்தால்கூட ஹெலிகாப்டரில் இன்னொரு ஆளுக்கோ எரிபொருளுக்கோ இடம் கிடைக்கும். துப்பாக்கியையும் மாற்ற வேண்டியதில்லை. ரைஃபிளுக்கு முன்னால் இயந்திரத் துப்பாக்கிகளில்தான் இது பரவும் என்று நினைக்கிறேன்.

எங்க தாத்தா பெட்டியில பழைய தோட்டா ரெண்டு கிடந்துச்சு. என்ன ரகம்னு அடியைத் தட்டிப் பார்க்கலாமா?

தட்டவே தட்டாதீர்கள். அடியில் நடுவில் இருப்பது பிரைமர், அடி பட்டால் பற்றிக்கொள்ளும் பொருள், எத்தனை வருஷம் பழசானாலும் நம்பக்கூடாது. துப்பாக்கிக்கு வெளியே வெடித்தால் குண்டை விடக் கூட்டின் சில்லுகள்தான் கண்ணைக் குறிவைத்து வரும். உரிமம் இல்லாமல் உயிருள்ள தோட்டா வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், தாத்தாவுடையது என்பதால் விலக்கு கிடையாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்படியே விட்டுவிட்டு, உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்தில் தகவல் கொடுங்கள், அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். ரகம் தெரிய வேண்டுமென்றால் தொடாமல் அடிப்பாகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பொறித்திருக்கும் எழுத்தும் வருஷமும் போதும், எந்த ஆலை, எப்போது செய்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.